கையெழுத்துக்கு முன் ஓடிய செய்தி

வைகைக்கரையான்:
முளைப்பாரித் தகராறு எப்படித் தொடங்கும் என்பது நம் பக்கத்தாருக்குத் தெரியும் என்பதால் நேராக விஷயத்துக்கு வருகிறேன். தாசில்தார் அறையில் நான்கு மணி நேரம் பேசி, ஊர்வலம் எந்தத் தெரு வழியாகப் போவது என்பது வரை முடிவாகி, சமாதானக் கடிதமும் தட்டச்சாகி மேசைக்கு வந்துவிட்டது. எங்கள் பெரியவர் பேனா மூடியைக் கழற்றிய நேரத்தில் பின்வரிசைப் பையன் ஒருவனின் கைப்பேசி பேசியது: ‘இரு தரப்பினரிடையே பதற்றம் நீடிக்கிறது.’ கூடவே கல்வீச்சுக் காட்சி. அது மூன்று வருடத்துக்கு முந்தைய கல்வீச்சு. அதில் என் சித்தப்பாவின் சைக்கிள்கூட விழுந்து கிடக்கிறது. பெரியவர் ஒன்றும் சொல்லாமல் பேனாவை மூடிச் சட்டைப்பையில் செருகிக்கொண்டு எழுந்தார். அந்த வருடம் திருவிழா இல்லை.

எழுமலைவாசி:
ஊடகம் என்றாலே பற்றவைப்பது என்ற தொனியை என்னால் ஏற்க முடியவில்லை. 1989 சாதி மோதலுக்குப் பின், மதுரை மாவட்டம் உத்தப்புரத்தில் தலித் குடியிருப்பைப் பிரித்து ஆதிக்க சாதியினர் எழுப்பிய சுவரின் மேல் மின்கம்பி இழுத்திருப்பதை 2008 ஏப்ரலில் ஒரு நாளிதழ் எழுதிய பிறகுதான் வெளியுலகம் திரும்பிப் பார்த்தது. மே 6 அன்று அதிகாரிகள் ஒரு பகுதியை இடித்துப் பாதை திறந்தார்கள். அந்தச் செய்தியை டீக்கடையில் ஒருவர் உரக்க வாசித்தபோது நான் வடையைப் பிய்த்தபடி நின்றிருந்தேன். அந்த வழியாக எத்தனையோ முறை போய்வந்த எனக்கு அந்தச் சுவர் ஒரு செய்தி என்று அதுவரை தோன்றியதே இல்லை. ‘இரு தரப்பினர்’ என்று பொதுவாக எழுதியிருந்தால் சுவரை யார் எழுப்பினார்கள் என்பதே மறைந்திருக்கும்.

பழைய நிருபர்:
ஆறு வருடம் பகுதிநேர நிருபராக இருந்தேன். செய்தி அச்சானால்தான் காசு. ஒரு சமாதானக் கூட்டத்தைப் பற்றி எழுதி அனுப்பியதற்கு, ‘அடிதடி இல்லையென்றால் இதில் என்ன செய்தி?’ என்று கேட்டார்கள். என் கதை அவ்வளவுதான். வைகைக்கரையான் கேட்கவில்லையென்றாலும் சொல்கிறேன்: அடுத்த முறை பேச்சுவார்த்தை முடியும்வரை கைப்பேசிகளை வெளியே வைக்கச் சொல்லுங்கள். நிருபர்களிடம் பேச இரு பக்கமும் ஒப்புக்கொண்ட ஒருவரை நியமித்து, முடிவான விஷயத்தை நான்கு வரியில் எழுதி அன்றைக்கே கொடுத்துவிடுங்கள். எழுதித் தந்ததை எந்த நிருபரும் வேண்டாம் என்று சொல்லமாட்டார். மதுரை மாவட்டத்துப் பாப்பாபட்டியிலும் கீரிப்பட்டியிலும், தலித்துகளுக்கு ஒதுக்கப்பட்டதால் எழுந்த எதிர்ப்பில் 1996 முதல் பத்தாண்டுகள் நிலைக்காத ஊராட்சித் தலைவர் பதவிக்கு 2006 அக்டோபரில் தேர்தல் நடந்ததென்றால், அன்றைய ஆட்சியர் உதயசந்திரன் தரப்பில் ஊர்க்காரர்களோடு பொறுமையாகப் பேசிய பேச்சும் அதற்கு ஒரு காரணம். பழைய காட்சியைப் போட்டால் ‘கோப்புக் காட்சி’ என்று குறிப்பிடும்படி சேனலுக்கு எழுதுங்கள்.

வைகைக்கரையான்:
குறிப்பிட்டிருந்தார்கள், ஐயா. திரையின் மூலையில், கைப்பேசியில் படிக்க முடியாத அளவில்.