முன்சீப் மேல புகாருக்கு அபிடவிட் வேணுமா, வேண்டாமா?

பழைய சிரஸ்தார்:
நேத்து ஒரு தம்பி இங்க எழுதியிருக்கார்: "முன்சீப் மேல புகார்னா திங்கக்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர்க்கும் நாள்ல வெள்ளைத்தாள்ல எழுதிக் குடுங்க, விசாரிச்சே ஆகணும்." படிச்சதும் பத்திக்கிட்டு வந்துது. முன்சீப்ங்கிறவர் கீழ்க்கோர்ட்டு சிவில் நீதிபதி, கலெக்டருக்கும் அவருக்கும் என்னய்யா சம்பந்தம்? அரசியல் சட்டம் 235ஆவது பிரிவுல கீழ்க்கோர்ட்டு மொத்தமும் உயர் நீதிமன்றத்தோட கட்டுப்பாடு. அங்கதான் போகணும், அபிடவிட்டோட, அதாவது சத்தியம் செஞ்சு கையெழுத்துப் போட்ட வாக்குமூலத்தோட போகணும். 2014 அக்டோபர்ல இந்தியத் தலைமை நீதிபதி எல்லா உயர் நீதிமன்றத்துக்கும் கடிதம் எழுதிட்டார். சத்தியம் செஞ்ச அபிடவிட்டும் சரிபார்க்கக்கூடிய ஆதாரமும் இல்லாத புகார்ல எந்த நடவடிக்கையும் கூடாது, ஃபைல்ல போட்டுடணும்.

வேலூர் செல்வி:
கலெக்டர் விஷயம் தப்புதான் ஐயா, விடுங்க. அந்த அபிடவிட்டை யார்கிட்ட போய்ப் போடுறது? அபிடவிட்டுக்கு முத்திரை போடுற எங்க ஊர் நோட்டரி அதே கோர்ட்டுல தினம் ஆஜராகுற வக்கீல். "என்னை மாட்டி விடாதேம்மா"ன்னு பேப்பரைத் திருப்பிக் குடுத்துட்டார்.

பழைய சிரஸ்தார்:
பக்கத்து ஊருக்கு பஸ் இல்லையாம்மா? அங்க போய் நோட்டரி போடலாமே. 31 வருஷம் கோர்ட் ஆபீஸ்ல வேலை பாத்தவன் நான். தோத்த கட்சிக்காரன் எழுதுற மொட்டைக் கடுதாசியை மூட்டை மூட்டையாப் பாத்திருக்கேன். "ஜட்ஜ் எதிராளிகிட்ட காசு வாங்கிட்டார்"னு ஒரே வரி. பேர் கிடையாது, தேதி கிடையாது.

கறுப்பு கவுன்:
மூட்டை மூட்டையாப் பாத்தீங்க, சரி. நகல் மனுவுக்கு உங்க மேஜையில விழுந்த காசையும் எண்ணிப் பாத்தீங்களா சார்?

பழைய சிரஸ்தார்:
கை நீட்டினேன்னு நிரூபிங்க. அதுக்கும் ஒரு அபிடவிட் போடுங்க! நீங்க எந்தத் தகராறுன்னாலும் கோர்ட் புறக்கணிப்புன்னு வெளிய நின்ன ஆளு. அன்னிக்கு வாய்தா வாங்கித் திரும்பிப் போன கிழவிக்கு யார் பதில் சொன்னது?

கறுப்பு கவுன்:
புறக்கணிப்பை இழுக்காதீங்க. போன மாசமும் இதே மாதிரி திசை திருப்பினீங்க. அபிடவிட்டுக்கு வாங்க. உயர் நீதிமன்றம் தானா முன்வந்து விசாரிக்கலாம், அதுக்கு யார் அபிடவிட்டும் வேண்டாம். நீதிபதிங்க மேல வர்ற புகாரை விசாரிக்கிற விஜிலன்ஸ் பிரிவு அங்க எதுக்கு இருக்கு?

பழைய சிரஸ்தார்:
தானா முன்வர்றது வேற, புகார் குடுக்குறது வேற. புகார்னா அபிடவிட்! ஈஸ்வர் சந்த் ஜெயின் வழக்கு தெரியுமா? கூடுதல் மாவட்ட நீதிபதி. வக்கீல்கள் புகாரைக் கேட்டு பஞ்சாப் ஹரியானா உயர் நீதிமன்றம் அவரை வீட்டுக்கு அனுப்புச்சு. 1988ல சுப்ரீம் கோர்ட் அதை ரத்து பண்ணி, நேர்மையான நீதிபதியைக் காப்பாத்துறது உயர் நீதிமன்றத்தோட கடமைன்னு சொல்லுச்சு. அபிடவிட் இல்லாம விட்டா ஊருக்கு ஒரு ஜெயின் கிடைப்பார்.

வேலூர் செல்வி:
நான் தீர்ப்பைப் பத்திப் புகார் சொல்லலையே! தீர்ப்பு தப்புன்னா அப்பீல் போவேன். குறுக்கு விசாரணையில முன்சீப் என்னைப் பாத்து, வாழத் தெரியாதவள்னு நிறைஞ்ச கோர்ட்டுல சொன்னார். அந்த வார்த்தை எந்தக் குறிப்புலயும் ஏறலை. சரிபார்க்கக்கூடிய ஆதாரத்துக்கு நான் எங்க போவேன்? ரெக்கார்டு பண்ண போனை எடுத்தா என் மேலயே கேஸ்.

மதுரை பாண்டி:
அக்கா சொல்றது நியாயம். அங்க இருந்த 40 பேர்ல ஒருத்தராவது சாட்சி சொல்வாங்களா?

பழைய சிரஸ்தார்:
அந்த 40 பேர்ல ஒருத்தர்கிட்ட அபிடவிட் வாங்குங்க. அதான் வழி.

கறுப்பு கவுன்:
அன்னிக்கு உள்ள இருந்தவங்க கோர்ட் ஊழியரும் வக்கீலும்தான். உங்க ஆளுங்க குடுப்பாங்களா? நீங்க குடுத்திருப்பீங்களா?

பழைய சிரஸ்தார்:
எங்க ஆளுங்களைச் சொல்றீங்களே, உங்க சங்கத்துல ஒருத்தர் கையெழுத்துப் போடுவாரா? முதல்ல அதைச் சொல்லுங்க. மாவட்ட நீதிபதியை டிஸ்மிஸ் பண்ணணும்னா உயர் நீதிமன்றம் பரிந்துரைச்சு கவர்னர் உத்தரவு போடணும். அவ்வளவு பெரிய காரியத்துக்கு ஒரு நோட்டரி முத்திரை பாரமா?

வேலூர் செல்வி:
டிஸ்மிஸ் பண்ணச் சொல்லலை ஐயா. கூப்பிட்டு ஒரு வார்த்தை கேளுங்கன்னுதான் சொன்னேன்.

பழைய சிரஸ்தார்:
கேக்குறதுக்கும் அபிடவிட் வேணும்மா.

கறுப்பு கவுன்:
செல்விம்மா, நாளைக்கு வாங்க. நான் போட்டுத் தர்றேன் அபிடவிட். இவர் ஆதாரம் போதாதுன்னு அடுத்ததை ஆரம்பிப்பார், பாருங்க.

பழைய சிரஸ்தார்:
ஆதாரம் போதாதுதான். 2014 கடிதத்தை முழுசாப் படிங்க.