லாரி முன்பக்க வேலைக்கு 74,232 ரூபாய் எஸ்டிமேட்: எதை மாத்தணும், எதை விடலாம்?

மேலூர் டிப்பர்:
ஆறு சக்கர டிப்பர், டிரம் பிரேக், முன்னாடி பட்டை ஸ்பிரிங். மேலூர்ல இருந்து மதுரைக்கு எம்சாண்ட் லோடு. 50-க்கு மேல போனா ஸ்டியரிங் ஆடுது, இடது முன் டயர் உள்பக்கம் தேயுது, பிரேக் அடிச்சா வண்டி இடது பக்கம் இழுக்குது, வேகத்தடை ஏறினா டொக்குனு சத்தம். பட்டறையில குடுத்த எஸ்டிமேட் இது:

கிங் பின் (முன் சக்கரம் திரும்புற அச்சாணி) கிட் 2 பக்கமும் – 7,500
டை ராடு (ரெண்டு முன் சக்கரத்தையும் இணைக்கிற ராடு) எண்டு 2 – 3,200
டிராக் லிங்க் (ஸ்டியரிங் பாக்ஸ்ல இருந்து சக்கரத்துக்குப் போற ராடு) – 5,800
முன் பட்டை செட் 2 – 24,000
ஷாக்கிள் (பட்டை நுனியைச் சேஸிசோட பிடிக்கிறது) பின், புஷ் முழுசும் – 4,500
ஷாக் அப்சார்பர் 2 – 4,400
ஜிஎஸ்டி 28% – 13,832
கூலி – 11,000

அடுத்த மாசம் எஃப்சி (வண்டி தகுதிச் சான்று). அம்புட்டையும் மாத்தித்தான் ஆகணுமாண்ணே?

கப்பலூர் கிங்பின்:
தம்பி, சாமான் வாங்குறதுக்கு முன்னாடி வண்டியை ஜாக்கியில ஏத்துங்க. பட்டைக்குக் கீழே வேண்டாம், ஆக்சில் பீமுக்குக் கீழேயே குடுத்து, ஸ்டாண்டு வச்சு, பின் சக்கரத்துக்குக் கட்டை போடுங்க. டயரை மேலயும் கீழயும் பிடிச்சு ஆட்டுங்க. ஆட்டம் இருந்தா, ஒருத்தரை பிரேக்கை மிதிச்சுப் பிடிக்கச் சொல்லிட்டு மறுபடி ஆட்டுங்க. பிரேக் மிதிச்சதும் ஆட்டம் நின்னா அது ஹப் பேரிங். மிதிச்ச பிறகும் ஆடினா கிங் பின், புஷ். இந்த ஒண்ணைப் பார்க்காம கிங் பின் எழுதவே கூடாது.

டை ராடு, டிராக் லிங்க் ரெண்டையும் சக்கரம் தரையில இருக்கும்போது பாருங்க. ஒருத்தர் ஸ்டியரிங்கை இடது வலதா சின்னதா அசைக்கட்டும், நீங்க ஜாயிண்ட் மேல விரலை வச்சுப் பிடிங்க. பால் தனியா, சாக்கெட் தனியா அசைஞ்சா விரலுக்கே தெரியும்.

கணக்குப்பிள்ளை:
முதல்ல வரியைப் பாருங்க. வாகன உதிரி பாகத்துக்கு 2025 செப்டம்பர் 22-ல இருந்து 18%தான், 28% இல்ல. 49,400 ரூபாய் சாமானுக்கு 8,892 தான் வரும், 4,940 கூடுதலாப் போட்டிருக்கு. இன்னொண்ணு, பெட்டியில அச்சடிச்ச எம்ஆர்பி வரி சேர்ந்த விலை. எஸ்டிமேட்ல எழுதினது எம்ஆர்பியா இருந்தா அதுக்கு மேல ஜிஎஸ்டியே போடக்கூடாது.

ஒத்தக்கடை பட்டை:
24,000 ரூபாய் பட்டையைத்தான் நல்லாப் பார்க்கணும். செட் உட்கார்ந்துருச்சா, இல்ல ஒரு பட்டை மட்டும் விட்டிருக்கா? சமமான தரையில காலி வண்டியை நிறுத்தி, ரெண்டு பக்கமும் ஆக்சிலுக்கும் சேஸிசுக்கும் இடைவெளியை அளந்து சொல்லுங்க. வயர் பிரஷ்ஷால தேய்ச்சுட்டு சென்டர் போல்ட் பக்கத்துல கீறல் இருக்கா பாருங்க.

மேலூர் டிப்பர்:
பார்த்தாச்சுண்ணே. இடது பக்கம் பிரேக் மிதிச்சும் ஆடுது. வலது பக்கம் மிதிச்சதும் நின்னுருச்சு. டை ராடு எண்டு ரெண்டும் லூஸ், டிராக் லிங்க்ல அசைவே இல்ல. ரெண்டு பக்க உயரமும் ஒண்ணுதான். இடது பக்கம் ரெண்டாவது பட்டையில சென்டர் போல்ட்கிட்ட கீறல். முன் பட்டையோட ஷாக்கிள் பின்கள் ரெண்டு பக்கமும் தேஞ்சிருக்கு. ஒரு ஷாக்ல எண்ணெய் வடியுது.

கப்பலூர் கிங்பின்:
அப்ப விஷயம் தெளிவாயிருச்சு. இடது டயர் உள்பக்கம் தேயுறது கிங் பின் புஷ் போனதால. லோடு ஏறினதும் சக்கரத்தோட மேல்பக்கம் உள்ள சாயுது. பிரேக் இழுப்பை மட்டும் இதோட சேர்க்காதீங்க. வலது ஹப் பேரிங் லூஸ்னா சீல் அடிபட்டு கிரீஸ் போய் பிரேக் லைனர் மேல ஏறியிருக்கலாம். வலது பிரேக் பிடிக்காட்டி வண்டி இடது பக்கம்தான் இழுக்கும். வலது டிரம்மைக் கழட்டிப் பாருங்க. லைனர் நனைஞ்சிருந்தா சீலோட லைனரும் மாத்தணும், ரெண்டு பக்கமும் சேர்த்து. பேரிங்ல குழி, நீலம் பாயுறது இல்லாட்டி கழுவி கிரீஸ் வச்சு, நட்டை மேனுவல் அளவுக்கு வச்சா போதும்.

கிங் பின் கிட் ரெண்டு பக்கமும் போடுங்க. கிட் விலையை விட முக்கியம் ரீமர் வேலை, அதாவது புஷ் ஓட்டையைப் பின் அளவுக்குக் கடையுறது. புஷ்ஷை அடிச்சு இறக்கினதும், மேல் புஷ்ஷும் கீழ் புஷ்ஷும் ஒரே கோட்டுல வர்ற மாதிரி நீள ரீமர்ல ஒண்ணாக் கடையணும். தனித்தனியாக் கடைஞ்சா பின் ஒரு பக்கம் இறுகி ஸ்டியரிங் கனக்கும், திருப்பின பிறகு தானா நேருக்கு வராது. புஷ்ஷுல இருக்கிற கிரீஸ் ஓட்டை நிப்பிள் ஓட்டைக்கு நேரா இருக்கணும். மாறிட்டா கிரீஸ் பின்னுக்குப் போகவே போகாது, புதுக் கிட்டும் சீக்கிரம் வீணாகும்.

பழைய பின்னைக் கழட்டினதும், புதுப் பின்னைக் கையாலயே ஆக்சில் கண்ணுக்குள்ள விட்டுப் பாருங்க. அங்க லொட லொடன்னு ஆடினா கண்ணே தேஞ்சிருக்கு. அதுக்கு மெஷின் ஷாப்ல போரிங் போட்டு ஸ்லீவ் வைக்கணும். எஸ்டிமேட்ல இது இல்ல, செலவு கூடுறது இங்கதான். தகடு சுத்தி ஒப்பேத்த விடாதீங்க.

ஒத்தக்கடை பட்டை:
பட்டை செட் 24,000 வேண்டாம். உயரம் ஒண்ணா இருக்கு, மெயின் பட்டை நல்லா இருக்குன்னா, கீறல் விட்ட ரெண்டாவது பட்டையை மட்டும் அதே அகலம், அதே கனம், அதே வளைவுல மாத்துங்க. வெல்டிங் வேண்டவே வேண்டாம், சூடு பட்ட இடத்துக்குப் பக்கத்துலயே திரும்ப உடையும். சென்டர் போல்ட்கிட்ட கீறுதுன்னா யூ போல்ட் லூஸா ஓடியிருக்குன்னு அர்த்தம். அதனால சென்டர் போல்டும் யூ போல்ட் நாலும் புதுசு. பழைய யூ போல்ட்ல மரை இழுபட்டிருக்கும், முறுக்கு நிக்காது.

பட்டைக்கும் ஆக்சிலுக்கும் நடுவுல ஆப்பு மாதிரி வெட்ஜ் பிளேட் இருந்தா, கழட்டும்போதே கனமான பக்கம் எங்க இருந்துச்சுன்னு சாக்பீஸ்ல குறிங்க. மாத்திப் போட்டா காஸ்டர் கோணம் (கிங் பின் முன்பின்னா சாயுற அளவு) மாறி, ஸ்டியரிங் பிடிமானமில்லாம அலையும். கிங் பின் சரியில்லைன்னு திரும்ப அதையே கழட்டுவாங்க.

கணக்குப்பிள்ளை:
இப்ப கணக்கு: கிங் பின் 7,500, டை ராடு எண்டு 3,200, ஷாக்கிள் 4,500, ஷாக் ஜோடி 4,400. மொத்தம் 19,600, வரியோட 23,128. இதுக்கு மேல ஒரு பட்டை, போல்ட்கள், ஹப் சீல், தேவைப்பட்டா லைனர். பட்டை செட்டும் டிராக் லிங்க்கும் போனதால கூலியையும் குறைச்சு எழுதச் சொல்லுங்க. ரீமர் கூலியைத் தனி வரியா எழுதி வாங்குங்க, அப்பத்தான் செஞ்சாங்களான்னு கேட்க முடியும். பழைய சாமானையும் கையோட வாங்கிக்கங்க.

ரிங்ரோடு அலைன்மென்ட்:
டை ராடு எண்டுல ஒண்ணு வலது மரை, ஒண்ணு இடது மரை. கடையில ரெண்டும் ஒரே மரையாக் குடுத்துட்டா ராடைத் திருப்பி டோ (முன் சக்கரம் ரெண்டும் முன்னாடி உள்ள குறுகுற அளவு) வைக்க முடியாது, வாங்கும்போதே பாருங்க. காசில் நட்டு கழலாம இருக்கப் போடுற ஸ்பிளிட் பின் புதுசு. டோ-இன் கிங் பின் வேலை முடிஞ்ச பிறகுதான் வைக்கணும், அதுவும் டயர்ல சரியான காத்து வச்சு. ரேடியல் டயருக்கும் நைலான் டயருக்கும் அளவு வேற, நைலானுக்கு வச்ச அளவை ரேடியலுக்கு வச்சா டயர் விளிம்பு ரம்பம் மாதிரி தேயும்.

கிங் பின்னுக்குக் கிரீஸ் அடிக்கும்போது முன் சக்கரம் ரெண்டும் தரையை விட்டுத் தூக்கியிருக்கணும். எடை விலகினாத்தான் அதைத் தாங்குற திரஸ்ட் பேரிங்குக்குள்ள கிரீஸ் போகும். முதல் லோடு இறக்கினதும் யூ போல்ட் நட்டு எல்லாத்தையும் டார்க் ரெஞ்ச்ல மறுபடி முறுக்கிருங்க, அதுக்குப் பிறகு எஃப்சிக்கு விடுங்க.