ரிப்பன் மாளிகை இரவுப் படத்துல பச்சைப் புள்ளி: சென்சார் போயிடுச்சா?

சாயங்கால_நடை:
சென்ட்ரல்ல ஆரம்பிச்சு விக்டோரியா ஹால், ரிப்பன் மாளிகைன்னு எடுத்தேன். எல்லாப் படத்துலயும் வானத்துல பச்சைப் பச்சையா புள்ளி. ட்ரைபாட் போட்டும் கட்டடம் கூர்மையா இல்ல. நாளைக்கு மறுபடி போகணும், சீக்கிரம் சொல்லுங்க.

பெரம்பூர்_வாசி:
எந்த லென்ஸ்? ஐஎஸ்ஓ, அபெர்ச்சர், ஷட்டர் எவ்வளவு? முன்னாடி ஃபில்டர் இருக்கா?

ரா_ஃபைல்:
ஹாட் பிக்சல்தான், அதாவது சென்சார்ல தப்பா ஒளிர்ற புள்ளி. நேரம் கூடக்கூட சென்சார் சூடாகும். மூடியைப் போட்டு அதே ஐஎஸ்ஓ, அதே ஷட்டர்ல ஒரு படம் எடுங்க. புள்ளி அதுலயும் வந்தா, கேமராவுல அந்தப் புள்ளியைக் கழிக்கற லாங் எக்ஸ்போஷர் நாய்ஸ் ரிடக்‌ஷனை ஆன் பண்ணுங்க.

பெரம்பூர்_வாசி:
ஹாட் பிக்சல் ஊசிமுனை அளவுதான் இருக்கும், இடமும் மாறாது. இவருக்கு எப்படின்னு தெரியணும்.

சாயங்கால_நடை:
மிளகு சைஸ், கொஞ்சம் மங்கல். கேமராவைத் திருப்பினா இடம் மாறுது. 24-105, எஃப்/22, 30 நொடி, ஐஎஸ்ஓ 100. யூவி ஃபில்டர் எப்பவும் போட்டிருக்கறதுதானே.

முக்காலி:
இதை முதல் பதிவுலயே எழுதியிருக்கணும். கேமரா கையேட்டைப் படிக்காம இரவுப் படம் எடுக்கக் கிளம்பினா இப்படித்தான் ஆகும். அது ஃபில்டர் பிரதிபலிப்பு. விளக்கொளி சென்சார்ல பட்டுத் திரும்பி, தட்டையான ஃபில்டர் கண்ணாடியில மோதி மறுபடி உள்ளே வருது. ஒரு புள்ளியில இருந்து படத்தோட நட்டநடு வழியா கோடு இழுங்க. மறுபக்கம் அதே தூரத்துல ஒரு தெருவிளக்கு இருக்கும். விளக்கெல்லாம் கீழ்ப்பாதியில இருக்கறதால புள்ளியெல்லாம் வானத்துல விழுது. ஃபில்டரைக் கழட்டுங்க.

கூர்மைக்கு: எஃப்/22-ல லென்ஸ் துளை ரொம்பச் சின்னது, ஒளி வளைஞ்சு பரவற டிஃப்ராக்‌ஷன் வந்து கல்வேலைப்பாடெல்லாம் குழைஞ்சிடும். எஃப்/11, 8 நொடி வைங்க. அதே வெளிச்சம்தான், பஸ் விளக்குக் கோடும் கிடைக்கும். ட்ரைபாட்ல ஸ்டெபிலைசேஷன் (கை நடுக்கத்தை ஈடுகட்டற வசதி) ஆஃப். 2 நொடி டைமர். நடுத்தண்டைத் தூக்காதீங்க.

மெரினா_காத்து:
ஃபில்டரை ஒரேயடியா கழட்டச் சொல்றது தப்பு. கடற்கரையில உப்புப் படலம் முன்கண்ணாடியில படியும். துடைக்கத் துடைக்கக் கோட்டிங் போயிடும்.

முக்காலி:
அதுக்கு லென்ஸ் முனையில மாட்டற ஹூட் இருக்கு. மலிவுக் கண்ணாடியை நல்ல லென்ஸ் முன்னாடி மாட்டவே கூடாது.

மெரினா_காத்து:
ஹூட் மணலையும் உப்பையும் தடுக்காது. பிரதிபலிப்பைத் தணிக்கற மல்டிகோட்டிங் உள்ள ஃபில்டர்ல இந்தப் பேய்ப்புள்ளி நல்லாவே குறையும்.

முக்காலி:
குறையும், போகாது. இருட்டு வானத்துல அந்தக் கொஞ்சமும் தெரியும்.

பெரம்பூர்_வாசி:
பகல்ல கடற்கரைக்குப் போட்டுக்கட்டும், ராத்திரி கழட்டட்டும். நாளைக்குத் தேவையானது நேரம். சென்னையில அந்தி சட்டுனு முடிஞ்சிடும். சூரியன் மறைஞ்சு 15-ல இருந்து 25 நிமிஷத்துக்குள்ள எடுத்தாத்தான் வானம் நீலமா நிக்கும், கோபுரமும் வானத்துல இருந்து பிரிஞ்சு தெரியும். அப்புறம் வெறும் கறுப்பு. ட்ரைபாட்டை முன்னாடியே நிறுத்தி, ஃபோகஸ் பண்ணி, மேனுவலுக்கு மாத்திடுங்க.

மாளிகையில சிவப்பு விளக்கு போட்டிருந்தா ஆர்ஜிபி ஹிஸ்டோகிராமை (சிவப்பு, பச்சை, நீலம் தனித்தனியா காட்டற வெளிச்ச வரைபடம்) பாருங்க. வெள்ளை ஹிஸ்டோகிராம் சரியா இருக்கும்போதே சிவப்புச் சேனல் வலது ஓரத்துல முட்டியிருக்கும். வெள்ளைச் சுவரோட வேலைப்பாடு திட்டா அழிஞ்சிடும். ஒரு ஸ்டாப், அதாவது வெளிச்சத்தைப் பாதியா, குறைச்சு ரா ஃபைலா எடுங்க.

சாயங்கால_நடை:
ஃபில்டர் கழட்டினேன், பச்சை சுத்தமா இல்ல. எஃப்/11, 8 நொடி. நன்றி.

ரா_ஃபைல்:
கூர்மை சரியாச்சா? ஸ்டெபிலைசேஷன் ஆஃப் பண்ணி ஒண்ணு, ஆன்ல ஒண்ணு, 100 சதவீதத்துல கடிகார முள்ளை வெட்டிப் போடுங்க.

மெரினா_காத்து:
ஃபில்டர் எந்த வகைன்னும் சொல்லுங்க. கோட்டிங் இல்லாததுன்னா நான் சொன்னது சரிதான்னு ஆகுது.