மறுமொழி: கிளாடியோலஸ், கார்ம் – திங்கட்கிழமைக்குள் சொல் வேண்டும்

காரைக்குடியிலிருந்து

அன்பர்களுக்கு வணக்கம். மத்தியதரைக் கடல் நாடுகளின் காட்டுப்பூக்களைப் பற்றிய கையேடு ஒன்றைத் தமிழாக்கி வருகிறேன். திங்கட்கிழமை அச்சுக்குப் போகிறது. கிளாடியோலஸ் இத்தாலிகஸ் பக்கத்தில் வேலை நின்றுவிட்டது. தானிய வயல்களில் களையாக முளைக்கும் செடி. நீண்ட இலை, இளஞ்சிவப்புப் பூ, ஆறு பூவிதழ்களில் மேலுள்ளது பெரியது. மகரந்தப்பை அதைத் தாங்கும் கம்பியைவிட நீளம், விதைக்குச் சிறகு இல்லை. இவ்விரண்டையும் வைத்துத்தான் இதை அடையாளம் காண்கிறார்கள். தலைப்புக்குக் ‘குறுவாட்பூ’ என்றும், மண்ணுக்கடியில் கிழங்குபோல இருக்கும் ‘கார்ம்’ என்ற உறுப்புக்குக் ‘கந்தம்’ என்றும் எழுதி வைத்திருக்கிறேன். பொருந்துமா?

தேவகோட்டையிலிருந்து

பொருந்தும். இலத்தீனில் கிளாடியஸ் என்றால் வாள், கிளாடியோலஸ் சிறு வாள். நாள் காட்டி நாட்காட்டி ஆவதுபோல வாள் பூ வாட்பூ ஆகும். நம்மிடம் முன்மாதிரியும் உண்டு. வாளவரையின் தாவரவியல் பெயர் கனவாலியா கிளாடியாட்டா. அதே வேர், அதே உவமை!

இன்னொன்றும் சொல்ல வேண்டும். வாள் என்றால் ஒளி என்றும் பொருள். ஒளிபொருந்திய நெற்றியை உடையவள் வாணுதல். அப்படியானால் வாளை மீனுக்குப் பெயர் வந்தது வடிவத்தாலா, செதிலற்ற உடலின் மினுமினுப்பாலா? நான் மினுமினுப்பு என்பேன். வாட்பூ என்றால் ஒளிரும் பூ என்றும் கொள்ளலாம்.

கானாடுகாத்தானிலிருந்து

ஐயா, வாளை மீனைப் பிறகு பார்ப்போம். எங்கள் பக்கத்துத் தச்சரிடம் வாள் கேட்டால் மரம் அறுக்கும் வாளைத்தான் எடுத்துத் தருவார். பர்மாத் தேக்கை அறுத்து நிலை செய்த ஊர் இது. வாள் போன்ற இலை என்று படிக்கும் பிள்ளை, விளிம்பில் பல் இருக்கும் என்று நினைக்காதா? இந்த இலையில் பல்லே கிடையாது. பூக்கடையில் எல்லோரும் சொல்லும் கிளாடியோலஸே போதும். இல்லையென்றால் ‘வாளல்லி’ என்று வையுங்கள். காதுக்காவது இனிமையாக இருக்கும்.

பள்ளத்தூரிலிருந்து

அண்ணன், வாளல்லி வேண்டாம். அல்லி நீரில் வளர்வது. லில்லியைத்தான் அல்லி என்கிறீர்கள் என்றாலும், லில்லிக்கு மகரந்தத்தாள் ஆறு, சூற்பை பூவிதழ்களுக்கு மேலே. கிளாடியோலஸுக்குத் தாள் மூன்று, சூற்பை கீழே. இது ஐரிஸ் குடும்பம். பெயரே குடும்பத்தை மாற்றிக் காட்டினால் வகுப்பில் நான் என்ன செய்வது?

‘குறு’வும் தேவையில்லை. இந்தப் பேரினத்தில் 250-க்கும் மேற்பட்ட சிற்றினங்கள் உள்ளன, பெரும்பகுதி ஆப்பிரிக்காவில். பேரினத்துக்கு வாட்பூ, இந்தச் சிற்றினத்துக்கு வயல்வாட்பூ என்றால் போதும்.

என் பெரிய மறுப்பு கந்தத்தின் மேல்தான். மாணவர்கள் அதை மணம் என்று படிக்கிறார்கள். வகுப்பில் வெங்காயத்தையும் சேப்பங்கிழங்கையும் குறுக்கே வெட்டிக் காட்டுவேன். வெங்காயம் இதழிதழாகப் பிரியும். அவை இலையின் அடிப்பகுதிகள். சேப்பங்கிழங்கில் பிரிக்க ஒன்றுமில்லை, முழுதும் கெட்டியான சதை. வெளியே கணுக்கள் வளையம் வளையமாகத் தெரியும். தண்டின் அடிதான் அப்படிப் பருத்திருக்கிறது. கிளாடியோலஸிலும் அதுவே, பழையது சுருங்கிப்போக, அதன் தலையில் ஆண்டுதோறும் புதியது உட்காரும். ஆகவே ‘தண்டடிக்கிழங்கு’. வெறும் தண்டுக்கிழங்கு என்றால் உருளைக்கிழங்கும் சேர்ந்துவிடும்; அது மண்ணுக்கடியில் ஓடும் கிளையின் நுனியில் பருப்பது.

தேவகோட்டையிலிருந்து

அம்மா சொல்லும் விளக்கம் தெளிவு. ஆனால் கந்தம் வடசொல் என்று தள்ளிவிட வேண்டாம். யானை கட்டும் தறிக்குக் கந்து என்று பெயர். கந்து, கந்தம், தண்டு என்று ஒரு தொடர்பு இருக்கலாம். நான்கெழுத்துச் சொல்லை விட்டுவிட்டு இத்தனை நீளமானதை யார் எழுதுவார்கள்?

பள்ளத்தூரிலிருந்து

நான் எழுதுவேன், ஐயா. பிள்ளைகளும் எழுதுவார்கள். சொல்லைப் பார்த்ததும் உறுப்பு எதுவென்று தெரிகிறதே. யானைத் தறி வரைக்கும் போனால்தான் விளங்கும் சொல் தேர்வுத்தாளில் உதவாது.

காரைக்குடியிலிருந்து

அனைவருக்கும் நன்றி. தலைப்பு வயல்வாட்பூ, முதல் வரியில் கிளாடியோலஸும் வரும். பக்கத்தின் விளக்கவுரையில் தண்டடிக்கிழங்கு, சொல்லடைவில் மட்டும் கந்தம். ஐயா பொறுத்துக்கொள்ள வேண்டும், பக்கத்தைப் பூட்டுகிறேன்.

கானாடுகாத்தானிலிருந்து

பூட்டுமுன் ஒன்று. வாட்பூவில் என் மறுப்பு அப்படியே இருக்கிறது. அதுதான் பெயர் என்றால், இலை விவரிப்பில் ‘பல்லற்ற விளிம்பு’ என்று சேர்த்துவிடுங்கள். சொல்லடைவில் கிளாடியோலஸுக்கும் தனிப் பதிவு வையுங்கள். பூக்கடையில் கேட்டவர் அந்தப் பெயரில்தான் தேடுவார்.