பன்னோன் ஏரியில் 900 மெல்லுடலி இனங்கள். நந்திக்கடலுக்கென்று ஏன் தனி இனங்கள் தோன்றவில்லை?

புதுக்குடியிருப்பு ஆசிரியர்:

வணக்கம். உயர்தர வகுப்புக்கு உயிரியல் கற்பிக்கிறேன். தனிமைப்படுதல் புதிய இனங்களைத் தோற்றுவிக்கும் என்பதற்கு உதாரணமாக, ஒரு காலத்தில் மத்திய ஐரோப்பாவிலிருந்து மத்திய ஆசியா வரை பரந்திருந்த பராதெதிஸ் என்னும் உள்நாட்டுக் கடலைக் கூறுவதுண்டு. அதன் மேற்குப் பகுதியில் எஞ்சிய பன்னோன் ஏரியில் மட்டும் மட்டி, நத்தை போன்ற மெல்லுடலிகளில் சுமார் 900 இனங்கள் வாழ்ந்திருக்கின்றன. இதைக் கேட்ட மாணவி ஒருத்தி, "நம்ம முல்லைத்தீவுக் களப்பான நந்திக்கடலையும் மணல்திட்டு கடலிலிருந்து மறிக்கிறதுதானே சேர், இங்கே ஏன் புது மட்டி இனம் உருவாகவில்லை?" என்று கேட்டாள். காலம் போதாது என்பது முழு விடையாக எனக்குப் படவில்லை. அதே பராதெதிஸின் கிழக்குப் பகுதி நெடுங்காலம் தனித்திருந்தும் அங்கே ஒரு கட்டத்தில் இனங்கள் பெருகாமல் குறைந்தே போயின. கடல்மட்டமும் காலநிலையும் இதில் எவ்வாறு செயற்பட்டன என்பதை அறிந்தவர்கள் விளக்க வேண்டும்.

மாங்குளத்தான்:

மாணவி கேட்டது மிக நல்ல கேள்வி. என் கருத்தில், கடலிலிருந்து பிரிவது தொடக்கம் மட்டுமே. பிரிந்த நீர் அதன்பின் எவ்வளவு காலம் ஒரே தன்மையுடன் நிலைத்தது என்பதுதான் இனங்கள் பெருகுமா அழியுமா என்பதைத் தீர்மானிக்கிறது.

அல்ப்ஸ், கார்பேதியன், கௌகஸ் மலைகள் எழுந்தபோது, சுமார் 34 மில்லியன் ஆண்டுகளுக்கு முன், தெதிஸ் கடலின் வடக்குப் பகுதி துண்டுபடத் தொடங்கியது. அதற்குப் பராதெதிஸ் என்ற பெயரை 1924 இல் லஸ்கரெவ் வழங்கினார். பெருங்கடலுடன் இணைத்த நீரிணைகள் திறந்திருந்த காலங்களில் கடலினங்கள் உள்ளே வந்தன. நீரிணைகள் ஒடுங்கிவிட்ட காலங்களில், உள்ளே வந்தவை மடிந்தன. 12.7 மில்லியன் ஆண்டுகளுக்கு முன் நேர்ந்த அத்தகைய ஒரு நெருக்கடியில் கடல்வாழ் மெல்லுடலிகளில் பெரும்பாலானவை மறைந்துவிட, தாக்குப்பிடித்த சிலவற்றின் வழித்தோன்றல்களே அடுத்து வந்த சார்மேசியன் காலத்தை நிரப்பின.

பின்னர் 11.6 மில்லியன் ஆண்டுகளுக்கு முன், கார்பேதியன் மலைகளுக்கு மேற்கே பன்னோன் ஏரி முற்றாகத் தனித்தது. அது ஏறத்தாழ 7 மில்லியன் ஆண்டுகள் நிலைத்தது. ஆறுகள் இடைவிடாமல் ஊட்டியதால் நீர் பெரிதும் சவராகவே (கடல்நீரைவிட உப்புக் குறைந்ததாகவே) இருந்துவந்தது. ஆழமான சேற்றுப் படுகைகள், அலையடிக்கும் கரைகள், ஆற்று முகத்துவாரங்கள் என வாழிடங்கள் பலவாக விரிந்தன. ஆகவே, கடலிலிருந்து எஞ்சிய சிறு மட்டிக் குடும்பமொன்றும், கொங்கேரியா என்னும் சிப்பி வகையும், மெலனொப்சிஸ் நத்தைகளும் நூற்றுக்கணக்கான இனங்களாகக் கிளைத்தன. எனக்கு மிகவும் பிடித்தது வலன்சியன்னியஸ். நமது குளங்களில் தாமரையிலைக்கு அடியில் ஒட்டியிருக்கும் மெல்லிய ஓட்டு நத்தையின் உறவான அது, அந்த ஏரியின் ஆழத்துக்கு இறங்கி, சுருளை இழந்து, தொப்பி போன்ற ஓட்டுடன் உள்ளங்கையளவுக்கு வளர்ந்தது.

கிழக்கில் நடந்தது இதற்கு நேரெதிரானது. உச்ச நிலையில் பராதெதிஸின் பரப்பு 28 இலட்சம் சதுர கிலோமீற்றர். இன்றைய மத்தியதரைக்கடலைவிடப் பெரியது. 9.75 இலிருந்து 7.65 மில்லியன் ஆண்டுகளுக்கு முன்வரை வறட்சி அதனை மீண்டும் மீண்டும் தாக்கியது. மிகக் கடுமையான கட்டத்தில் நீர்மட்டம் 250 மீற்றர் வரை தாழ்ந்தது. பரப்பில் மூன்றில் இரண்டு பங்குக்கும் மேல் வறண்டது. அக்காலப் படிவுகளில் மக்ட்ரா வகைச் சிப்பிகள் சிலவற்றைத் தவிர வேறெதுவும் அரிதே. அதே காலத்தில் பன்னோன் ஏரி செழித்திருந்தது என்பதைக் கவனியுங்கள். இரண்டும் தனிமைப்பட்டவை, இரண்டும் நீண்டகாலம் இருந்தவை. அவற்றை வேறுபடுத்தியது நீரின் நிலைபேறு.

நந்திக்கடல் வாசி:

மாங்குளத்தான் கூறியதுடன் முழுமையாக உடன்படுகிறேன். பேராற்று வெள்ளம் மாரியில் நந்திக்கடலை நன்னீராக்கிவிடும். மணல்திட்டில் கடலோடு சேரும் வாயான தொடுவாய் உடைந்ததும் கடல் புகும். கோடையில் எஞ்சிய நீர் வற்றி உப்பேறும். பராதெதிஸ் பல இலட்சம் ஆண்டுகளில் கண்ட மாற்றத்தை இங்குள்ள மட்டியும் ஊரியும் (நத்தை வகை) ஒரே ஆண்டில் காண்கின்றன. இதற்குத் தாக்குப்பிடிப்பவை எங்கும் வாழக்கூடிய வன்மையான இனங்கள் மட்டுமே. இங்குள்ள கூம்பு ஊரிகளைத் தமிழ்நாட்டின் பழவேற்காட்டுக் களப்பிலும் காணலாம். மேலும், ஒவ்வொரு முறை தொடுவாய் திறக்கும்போதும் கடலிலிருந்து குடம்பிகள் (இளம் பருவ உயிரிகள்) வந்து கலந்துவிடுவதால் தனிமையே முழுமையடைவதில்லை. காலத்தையும் ஒதுக்கிவிட முடியாது: 20,000 ஆண்டுகளுக்கு முன் கடல்மட்டம் சுமார் 120 மீற்றர் தாழ்ந்திருந்தபோது இந்தக் களப்பே இருந்திருக்க முடியாது.

பராதெதிஸின் எச்சங்களான கருங்கடலையும் கஸ்பியனையும் மாணவர்களுக்கு ஒப்பிட்டுக் காட்டலாம். பனியூழியில் கருங்கடல் ஓர் ஏரியாக இருந்தது. பெருங்கடல் உயர்ந்து, சுமார் 9,000 ஆண்டுகளுக்கு முன் பொஸ்பரஸ் வழியாக உட்புகுந்ததும், உவர்ப்பு லீற்றருக்கு ஏறத்தாழ 18 கிராம் வரை ஏறியது. பழைய சவர்நீர் மட்டிகள் டன்யூப், நீஸ்டர் ஆற்று முகங்களுக்கு ஒதுங்கின. கஸ்பியனின் மட்டமோ பனியூழியின் பிற்பகுதியில் இன்றைய நிலையைவிட 70 மீற்றருக்கும் மேலாக உயர்ந்து தாழ்ந்திருக்கிறது. எனினும் பெருங்கடல் அதற்குள் புகவில்லை, நீர் சவராகவே இருந்தது. அதனால்தான் டைடக்னா என்னும் சவர்நீர் மட்டிகள் அங்கே இன்றும் வாழ்கின்றன.

புதுக்குடியிருப்பு ஆசிரியர்:

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. இன்னும் ஒன்று: ஓர் ஓட்டைக் கையில் வைத்துக்கொண்டு, அது வாழ்ந்த நீர் எத்தகையது என்று எவ்வாறு சொல்கிறார்கள்?

மாங்குளத்தான்:

ஓர் ஓடு தனியாக அதிகம் சொல்லாது. ஒரு படையில் எந்தெந்த இனங்கள் சேர்ந்து கிடக்கின்றன என்பதே முதற் சான்று. அதற்குமேல் ஓட்டின் சுண்ணாம்பிலுள்ள ஒட்சிசன் சமதானிகளின் (நிறையில் வேறுபடும் ஒட்சிசன் அணுக்களின்) விகிதம், ஆவியாதல் மிகுந்திருந்ததா, ஆற்றுநீர் மிகுந்திருந்ததா என்பதைக் காட்டும். அவ்விடத்திலேயே வாழ்ந்ததா என்பதையும் பார்க்க வேண்டும். சிப்பியின் இரு மூடிகளும் பொருந்தியபடி சேற்றில் புதைந்திருந்தால் பெரும்பாலும் அங்கேயே வாழ்ந்து இறந்தது. தனி மூடியாகத் தேய்ந்திருந்தால் நீரால் இழுத்து வரப்பட்டிருக்கலாம். ஹங்கேரியின் பலற்றன் ஏரிக்கரையில் கொங்கேரியாவின் தடித்த நுனிப்பகுதி மட்டும் அலையில் தேய்ந்து ஒதுங்குகிறது. அங்குள்ளோர் அதனை ஆட்டுக் குளம்பு என்கிறார்கள். அவை மில்லியன் கணக்கான ஆண்டுகள் பழைமையான பன்னோன் படிவுகளிலிருந்து கழுவப்பட்டவை. இன்றைய பலற்றன் நீரைப் பற்றி அவற்றிலிருந்து எதையும் அறிய முடியாது. நந்திக்கடலோரம் வட்டுவாகலில் மாணவர்கள் ஓடுகளைச் சேகரிப்பதானால், மேலே ஒதுங்கியதையும் சேற்றில் மூடியோடு கிடந்ததையும் வெவ்வேறு பைகளில் இடச் சொல்லுங்கள்.