காலி மும்மொழிக் கல்: தமிழுக்குச் செய்த மரியாதையா, வியாபாரமா?

வெள்ளவத்தைக்காரன்:
போன ஞாயிறு மகளைக் கூட்டிக்கொண்டு கொழும்பு நூதனசாலைக்குப் போயிருந்தேன். சனமெல்லாம் கண்டி அரசனின் சிம்மாசனத்தைப் பார்க்க ஓட, நாங்கள் இரண்டு பேரும் காலியிலிருந்து வந்த மும்மொழிக் கல்லுக்கு முன்னால் நின்றுவிட்டோம். தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன்: சீனக் கடற்படைத் தளபதி செங் ஹே கொண்டுவந்த கல் அது. அதில் உள்ள திகதி 1409 பெப்ரவரி. சீன மொழியில் புத்தருக்கும், தமிழில் தெவிநுவரைக் கோயில் தெய்வமான தெனாவரை நாயனாருக்கும், பாரசீகத்தில் இஸ்லாம் மார்க்கத்துக்கும் காணிக்கை சொல்லியிருக்கிறது. 600 வருஷத்துக்கு முன்னால் சீனப் பேரரசரே தமிழை மதித்துக் கல்லில் வெட்ட வைத்திருக்கிறார், மூன்று சமயத்தையும் சமமாகப் பார்த்திருக்கிறார். இதைப் பாடப்புத்தகத்தில் பெரிதாகப் போட்டால் என்ன?

கணக்குப்பிள்ளை:
அண்ணை, கல் அருமையான கல்தான். 'மதித்து' என்ற சொல்லில்தான் எனக்குச் சண்டை. காணிக்கைப் பட்டியலைப் பாருங்கள். பொன் 1,000, வெள்ளி 5,000, பட்டு 100, வாசனை எண்ணெய் சீன நிறைக் கணக்கில் 2,500. மூன்று மொழியிலும் கிட்டத்தட்ட இதே பட்டியல். ஒருவருக்குக் கூடவும் இல்லை, இன்னொருவருக்குக் குறையவும் இல்லை. புறக்கோட்டையில் கடை திறக்கிற முதலாளி பன்சலைக்கும் கோயிலுக்கும் பள்ளிவாசலுக்கும் ஒரே தொகை எழுதுவாரே, அந்தக் கணக்கு இது. பக்தி இருந்திருக்கலாம், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் துறைமுகத்தில் ஒருவனும் முகம் சுளிக்கக் கூடாது என்பதுதான் முதல் யோசனை. அப்புறம், இதே செங் ஹே இங்கே போர் செய்து, அப்போது இங்கே ஆண்ட அழகேஸ்வரனைப் பிடித்து 1411இல் நான்ஜிங்கில் பேரரசர் முன் நிறுத்தியதையும் மகளுக்குச் சொன்னீர்களா?

வெள்ளவத்தைக்காரன்:
சொன்னேன் தம்பி. பேரரசர் அவரை விடுவித்ததையும் சேர்த்துத்தான் சொன்னேன். வியாபாரி என்றால் மரியாதை இருக்கக்கூடாதா? செங் ஹே யுன்னானில் முஸ்லிம் குடும்பத்தில் பிறந்தவர். அவர் புத்தரையும் தெனாவரை நாயனாரையும் ஒரே கல்லில் வைத்ததை வெறும் கடைக் கணக்காகச் சுருக்குவது உங்கள் தொழில் புத்தி.

பம்பலப்பிட்டி அக்கா:
இரண்டு பேரும் நடுவில் ஒரு கேள்வியை விட்டுவிட்டீர்கள். சிங்களம் ஏன் இல்லை? அழகேஸ்வரன் ஜெயவர்த்தனபுரக் கோட்டைக்காரர். இங்கிருந்து ராஜகிரியவைத் தாண்டினால் அவருடைய ஊர் வந்துவிடும். அவரும் அவர் குடிமக்களும் பேசிய மொழி அந்தக் கல்லில் இல்லை. அப்படியென்றால் அது ஊர்க்காரருக்காக வெட்டியதில்லை, கடல்வழி வந்துபோகிறவர்களுக்காக வெட்டியது.

இதற்கு முன்மாதிரியும் உண்டு. 12ஆம் நூற்றாண்டில் முதலாம் பராக்கிரமபாகு வெளியிட்ட கட்டளை ஒன்று நயினாதீவு அம்மன் கோயிலில் கல்வெட்டாக இருக்கிறது. ஊராத்துறைக்கு, அதாவது இன்றைய ஊர்காவற்றுறைக்கு, வரும் பரதேசிகளை, அதாவது வெளிநாட்டு வணிகரைப் பாதுகாக்க வேண்டும் என்கிறது. யானையும் குதிரையும் ஏற்றிவந்த கப்பல் உடைந்தால் கால் பங்கு அரசுக்கு, முக்கால் பங்கு சொந்தக்காரனுக்கு. மற்றச் சரக்கு ஏற்றிய கப்பல் என்றால் பாதிக்குப் பாதி. யானை குதிரை அரசனுக்கு வேண்டியவை, அதனால்தான் அந்தச் சலுகை. சிங்கள அரசனின் கட்டளை, ஆனால் மொழி தமிழ். தமிழ்ப் பற்றா அது? கப்பல்காரனுக்கு விளங்க வேண்டும், அவ்வளவுதான்.

மாளிகாவத்தை நானா:
அக்கா சொல்வதோடு இன்னொன்று. பள்ளிவாசலில் நாங்கள் ஓதுவது அரபு. கல்லில் இருப்பதோ பாரசீகம். சமயத்தைப் பார்த்து மொழி எடுத்திருந்தால் அரபு அல்லவா வந்திருக்கும்? அந்தக் கடலில் பாரசீகம் ஓடிய ஓட்டம் அப்படி. 1344இல் வந்த மொரோக்கோப் பயணி இப்னு பதூதா, யாழ்ப்பாணத்து ஆரியச் சக்கரவர்த்திக்கே பாரசீகம் விளங்கியது என்று எழுதியிருக்கிறார். அவர் தெவிநுவரைக்கும் போய், அந்த நாயனார் கோயிலில் 1,000 பிராமணரும் யோகிகளும் இருந்ததாகச் சொல்கிறார். எங்கள் பகுதிதான் கல்லில் அதிகம் தேய்ந்துபோனது என்பது தனிக் கவலை.

வெள்ளவத்தைக்காரன்:
சரி, வியாபார மொழி என்றே வைத்துக்கொள்வோம். அது என்ன குறைவா? வாளோடு வராமல் சரக்கோடு கடல் கடந்த மொழி என்றால் எனக்கு இரட்டிப்புப் பெருமை. கல்லைச் சீனாவிலேயே வெட்டிக் கொண்டுவந்தார்கள் என்கிறார்கள். அப்போது அங்கே தமிழ் எழுதத் தெரிந்தவன் ஒருவன் உட்கார்ந்து வரி வரியாக எழுதிக் கொடுத்திருக்க வேண்டும். சுவான்சௌ துறைமுகத்தில் 1281ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டே இருக்கிறதே, சிவன் கோயில் கட்டிய செய்தியோடு.

கணக்குப்பிள்ளை:
1281க்கும் 1409க்கும் நடுவில் 128 வருஷம், அண்ணை. அதற்குள் மங்கோலியர் ஆட்சி போய் மிங் ஆட்சி வந்துவிட்டது. அந்த ஊர் வணிகரின் பேரப்பிள்ளைகள்தான் எழுதிக் கொடுத்தார்கள் என்று முடிச்சுப் போடாதீர்கள். கப்பலில் போய்வந்த மொழிபெயர்ப்பாளன் போதும்.

வாளோடு வராத மொழியா? சோழர் பொலன்னறுவையை 75 வருஷத்துக்கு மேல் வைத்திருந்தது சரக்கு விற்றா?

பம்பலப்பிட்டி அக்கா:
தம்பி, சோழரை இழுத்தால் இந்த இழை 200 பதிவு தாண்டும். வேண்டாம்.

மாளிகாவத்தை நானா:
கல்லுக்கே வருவோம். 1911இல் காலியில் ஒரு மதகுக்கு மூடியாகக் கிடந்த இடத்தில்தான் இதைக் கண்டெடுத்தார்கள். தெனாவரை நாயனார் கோயில் இருந்தது தெவிநுவரையில், மாத்தறைக்கும் அப்பால். கோயிலில் நட்ட காணிக்கைக் கல் என்றால் அங்கே அல்லவா அகப்பட்டிருக்க வேண்டும்? காலித் துறைமுகத்திலேயே நட்டிருந்தால் கணக்குப்பிள்ளையின் வாதம் வெல்கிறது.

வெள்ளவத்தைக்காரன்:
அந்தக் கோயிலை 1588இல் போர்த்துக்கீசர் இடித்துக் கொளுத்தினார்கள், நானா. இடித்த கோயிலின் கல் எங்கெங்கெல்லாம் போகும் என்று யார் கண்டது? மதகுக்கு மூடி தேடியவன் கையில் அகப்பட்டதை இழுத்து வந்திருப்பான்.

கணக்குப்பிள்ளை:
50 கிலோமீற்றர் இழுத்து வந்தா ஒரு மதகை மூடுவான்? காலியில் கல்லுக்கு என்ன பஞ்சமா, அண்ணை?