மட்டக்களப்பு கல்லடியில வீடு வாங்கப் போறம், என்ன பாக்கணும்?

கேள்வி: டவுனில வேலை, அமைதியான இடமாத் தேடினதில கல்லடி கடற்கரைப் பக்கம் 15 பேர்ச் காணியில மாடிவீடு ஒண்டு பாத்திரிக்கம், பாலத்தால ஏறினா டவுன்தான். வீட்டுக்காரர் அட்வான்ஸ் கேட்டு அவசரப்படுத்துறார். குடுக்கலாமா?

பதில் 1: பொறுங்க தம்பி. லோயர வெச்சி காணிப் பதிவகத்தில 30 வருஷத்து உறுதிகளையும் (காணிப் பத்திரங்களையும்) தேடுங்க. எங்கட பக்கம் மகளுக்கு சீதனமா எழுதக்குள்ள தாய் தகப்பன் சீவிய உரித்து (சாகும்வரைக்கும் அனுபவிக்கிற உரிமை) வெச்சிப்பாங்க, அப்பிடியெண்டா அவங்களும் கையெழுத்து வெக்கணும். இத விட்டுட்டு வாங்கினா பிறகு கோட்டு வழக்குதான்.

பதில் 2: கிணத்துத் தண்ணிய வாயில விட்டுப் பாருங்க, கடலுக்கும் வாவிக்கும் நடுவில உள்ள மண், கோடையில உவர்க்கும். மாரியில தண்ணி நிண்டிருந்தா மதில் அடியில கறை தெரியும். 2004 சுனாமியில அந்த ஒழுங்கை எப்பிடி இரிந்ததெண்டும் அயலில கேளுங்க.

பதில் 3: கடலிலருந்து 300 மீட்டருக்குள்ளெண்டா கரையோரம் பேணல் திணைக்கள அனுமதி இரிக்கா? மாநகரசபை பாஸ் பண்ணின பிளான்ல மாடி இரிக்கா? பிறகு எழுப்பின மாடியெண்டா பேங்க் லோன் அங்கதான் மறிபடும்.

கேட்டவர்: நன்றி எல்லாருக்கும். சீவிய உரித்து வீட்டுக்காரர்ர மாமியிட பேர்ல இரிக்காம், இப்பதான் சொல்றார். லோயர் பாக்காம காசு குடுக்கமாட்டன்.